தட்டிக்கு இந்தப் பக்கம் நாலு வரிசை

ஓலைத் தட்டியின் அடிப்பக்கம் ஒரு முழ அளவுக்குத் தூக்கிக் கட்டியிருந்தது. அந்தச் சந்து வழியாக ஒரு கை வந்தது. விரல்களுக்கு நடுவில் கறுப்பாக ஒரு மரத்துண்டு. அதைத் தரையில் என் பக்கமாக வைத்துவிட்டுக் கை திரும்பிப் போய்விட்டது.

குனிந்து எடுத்துப் பார்த்தேன். குதிரைத் தலை. கழுத்துவரைதான் குதிரை, அதற்குக் கீழே மொட்டையாக ஒரு கட்டை. பிடரி மயிரைக் கோடு கோடாகச் செதுக்கியிருந்தார்கள். ஒரு காது உடைந்திருந்தது. முகர்ந்தால் நல்லெண்ணெய் வாசம்.

சதுரங்கக் காய் ஒன்றை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. கொண்டுவந்து வைத்தவள் என் ஓரகத்தி புஷ்பம், என் கணவரின் அண்ணன் மனைவி. அந்தச் சமயத்தில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரு வீடு, ரெண்டு வாசல்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியதைச் சென்ற வாரம் சொன்னேன். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, என் மாமனார் போய்விட்டார். மாமியார் அதற்கு முன்பே இல்லை.

மாமனாருக்குக் கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு கடை இருந்தது. வெங்காயம், வத்தல், கருவாடு. இங்கிருந்து தோணியில் சரக்கு போகும். அண்ணன் ஆறுமுகமும் தம்பி செந்தூர்பாண்டியும், அதாவது என் வீட்டுக்காரரும், மாறி மாறிப் போய் இருந்து கடையைப் பார்த்துக்கொள்வார்கள். மனைவிமார் இங்கே.

மாமனார் போன பிறகு என் வீட்டுக்காரர் தனிக் கடை போட வேண்டும் என்றார். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. “அப்பா சாம்பல் ஆறல. அதுக்குள்ள உனக்குத் தனியா?” என்று கேட்டார். தம்பியும் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை விட்டு எழுந்து போனது மட்டும் தெரியும்.

மறு வாரம் வீட்டு முற்றத்தின் குறுக்கே பனையோலைத் தட்டி வந்தது. பின்கட்டு வாசல் எங்களுக்கு, தெரு வாசல் அவர்களுக்கு. கொழும்புக் கடையிலும் நடுவில் பலகை அடித்துக்கொண்டார்கள். தனித்தனி வியாபாரம் ஆகிவிட்டதால் இப்போது ரெண்டு பேருமே அங்கே இருக்க வேண்டியதாயிற்று.

தோணி ஏறுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றுதான். “அந்தப் பக்கத்து ஆளோட பேச்சு வச்சுக்கிடக்கூடாது. தெரிஞ்சுதுன்னா நல்லா இருக்காது.” தட்டிக்கு அந்தப் பக்கம் பெரியத்தானும், அதாவது அண்ணன் ஆறுமுகமும், புஷ்பத்திடம் அதையே சொல்வது எனக்குக் கேட்டது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல், மாமனார் குரல்.

கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. அது முற்றத்தின் மூலையில், தட்டி முடிகிற இடத்தில் இருந்தது. இன்னொன்றையும் பிரிக்காமல் விட்டுவிட்டார்கள். மாமியார் வளர்த்த வெள்ளாடு. வெள்ளச்சி என்று பேர். தட்டியின் அடியை முட்டி முட்டித் தளர்த்தி, ரெண்டு பக்கமும் போய்த் தின்றுவிட்டு வரும். ஓலை கிழிந்துவிடக்கூடாதே என்றுதான் புஷ்பம் தட்டியின் அடியைத் தூக்கிக் கட்டினாள். அந்தச் சந்து ஆட்டுக்காக வந்தது.

யார் முதலில் கிளம்புவது

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ரங்கூன் விழுந்துவிட்டது என்று சொன்னார்கள். அங்கிருந்து நடந்தே தப்பி வந்தவர்கள் கால் வீங்கி ரயிலில் வந்து இறங்கினார்கள். எங்கள் தெருக்காரர்கள் கும்பலாகப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பங்குனி மாசம் முடியப்போகிற சமயம். கிறிஸ்தவர்களுக்கு அன்று ஈஸ்டர். மீனவத் தெருக்களில் வெடி போட்டு, புதுத்துணி உடுத்திக் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான். துறைமுகத்தில் போட்டான் என்றார் ஒருவர், ஊருக்குள்ளும் போட்டான் என்றார் இன்னொருவர். அடுத்தது தூத்துக்குடிதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தோணிகள் போகவும் இல்லை, வரவும் இல்லை; கொழும்பிலிருந்து கடுதாசியும் வரவில்லை. தோணிகள் கரையில் வரிசையாகக் கிடந்தன. சங்கு குளிக்கிறவர்கள் வேலையில்லாமல் வேப்பமரத்தடியில் சீட்டாடினார்கள். சங்கைக் குவித்துவைக்கிற கிட்டங்கிப் பக்கம் அழுகிய சதை நாற்றம் அடிக்கும், அந்தத் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்போம். அந்த வருஷம் அந்த நாற்றம்கூட இல்லை.

மூட்டை முடிச்சோடு வண்டி வண்டியாக ஊர் கிளம்பியது. விளாத்திகுளம் பக்கம் சொந்தம் இருந்தவர்கள் அங்கே போனார்கள். ஆற்றுக்கரை ஊர்களில் சொந்தம் இருந்தவர்கள் அங்கே. எங்கள் தெருவில் அடுப்புப் புகை வருகிற வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று ஆயிற்று.

என் அண்ணன் பொன்னையா வில்வண்டி கட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட வந்தான். நான் போகவில்லை. புருஷன் எப்போது வந்து இறங்குவாரோ, வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது என்று காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் கிளம்பவில்லை. அவளுக்கு இல்லாத பயம் எனக்கு மட்டும் என்ன?

அவளும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறாள். பல வருஷம் கழித்து அவளே சொன்னாள்.

வெள்ளச்சியோடு பேசியது

ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் இறைக்கப் போனபோது தட்டியின் ஓரமாகப் பார்த்தேன். புஷ்பம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே கட்டம் போட்ட பலகை. அதன்மேல் சின்னச் சின்னப் பொம்மைகள். ஒன்றை எடுத்து நகர்த்தினாள். எழுந்து பலகையைச் சுற்றிப்போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இன்னொன்றை நகர்த்தினாள். மறுபடி எழுந்தாள். வாயில் ஏதோ முணுமுணுப்பு.

ஊரே உயிருக்குப் பயந்து கிடக்கும்போது பட்டப்பகலில் பொம்மையை வைத்துக்கொண்டு ஒருத்தி முணுமுணுத்தால் என்னவென்று நினைப்பது? செய்வினை என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரருக்கு எதிராகத்தான் என்றும் நினைத்தேன்.

பேசக்கூடாது என்று உத்தரவு. ஆடு பக்கத்தில் நின்றது.

“ஏ வெள்ளச்சி,” என்றேன் உரக்க, “பொம்மை வச்சு மந்திரம் போடுத வீட்டுக்கெல்லாம் போகாத. ஆகாது.”

அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “வெள்ளச்சி, இது மந்திரம் இல்ல, சதுரங்கம்னு சொல்லு. தெரியாதவுகளுக்கு எல்லாம் மந்திரமாத்தான் தெரியும்.”

“ஒத்தையில என்ன விளையாட்டுன்னு கேளு வெள்ளச்சி.”

“கூட விளையாட ஆளு இல்லன்னு சொல்லு.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்குத்தான் அந்தக் கை வந்து குதிரையை வைத்துவிட்டுப் போனது.

குதிரைக்கு எட்டு இடம்

புஷ்பம் என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள். பிறந்து வளர்ந்தது ரங்கூனில். அங்கே அவள் அப்பாவுக்கு மளிகைக் கடை. ஆண் பிள்ளை இல்லாத வீடு. மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவர் மகளை எதிரே உட்காரவைத்து ஆடுவாராம். அவர் இறந்த பிறகு தாயும் மகளும் கப்பலேறி ஊருக்கு வந்தார்கள். வரும்போது அவள் கொண்டுவந்த சீதனம் ஒரு தகரப்பெட்டியும் இந்தத் தேக்குக் காய்களும். கல்யாணமான பிறகு பெட்டியைத் திறந்ததே இல்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சதுரங்கம் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெண்டாட்டியோடு ஆடியிருக்க மாட்டார்கள்.

காய்களைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் சிப்பாயில் தொடங்குவார்கள். நான் பின்னாளில் பள்ளிக்கூட டீச்சரானபோது பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். புஷ்பம் குதிரையில் தொடங்கினாள்.

பலகையைத் தட்டிக்கு அடியில் தள்ளினாள். நாலு வரிசை அந்தப் பக்கம், நாலு வரிசை இந்தப் பக்கம். குதிரையைத் தூக்கி நடுவில் வைத்தாள். பிறகு கோலமாவைக் கிள்ளி, அந்தக் குதிரை எங்கெங்கே போக முடியுமோ அந்தக் கட்டங்களில் எல்லாம் ஒரு பொட்டு வைத்தாள். எட்டுப் பொட்டு. வட்டமாக, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி.

“வெள்ளச்சி,” என்றாள், “ரெண்டு கட்டம் நேரே, ஒண்ணு பக்கத்துல. நடுவுல யாரு நின்னாலும் தாண்டிரும். அதைச் சொல்லிரு.”

வெள்ளச்சி கழுத்தை நீட்டி மாவை நக்கிவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று ரெண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.

குதிரை எனக்கு லேசில் பிடிபடவில்லை. கண்ணை மூடினால் எல்லாக் கட்டமும் அது போகிற கட்டம் மாதிரியே தோன்றும். ஒரு காலையில் அடுப்படியிலிருந்து கிணற்றுக்குப் போகும்போது பிடிபட்டது. துவைகல் குறுக்கே கிடக்கிறது, அதனால் ரெண்டு எட்டு நேரே வைத்து ஒரு எட்டு இடதுபக்கம் விலகுகிறேன். ஒரு வருஷமாகத் தினமும் அப்படித்தான் நடந்திருக்கிறேன். குடத்தோடு நின்று அதே நடையைத் திரும்ப ஒரு தடவை நடந்து பார்த்தேன்.

யானை சுலபம். நேராகப் போகும், நேராக வரும், குறுக்கே நிற்பவனை மிதிக்கும். தேர் கோணலாகப் போகும். எதிர்க்காற்றில் தோணி சாய்ந்து சாய்ந்து கரைக்கு வருவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் புதுசாக ஒன்றுமில்லை. சிப்பாய் எங்கள் ஆட்டத்தில் எப்போதும் ஒரு கட்டம்தான், முதல் நகர்விலும். திரும்பி வருவது கிடையாது.

மந்திரிதான் எனக்கு ரொம்பப் பிடித்த காய். எட்டுத் திக்கும் போவார். பல வருஷம் கழித்து நாசரேத்தில் டீச்சர் டிரெய்னிங் படித்தபோது, கூடப் படித்தவள் ஒருத்தி அதே காயைக் காட்டி “ராணி” என்றாள். இல்லை, மந்திரி என்றேன். வெள்ளைக்காரர் ஆட்டத்தில் ராணிதான் என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் ரெண்டு பெண்கள் அத்தனை காலம் ஆடிய பலகையில் ஒரு பெண்கூட இல்லாமல்தான் ஆடியிருக்கிறோம்.

கடைசியில் ராஜாவை வைத்தாள்.

“இவரு ஏன் ஒரே ஒரு கட்டம் போறாரு? கேளு வெள்ளச்சி.”

“வீட்டுக்குப் பெரியவருல்லா. அசைய மாட்டாரு. எல்லாரும் அவருக்காக ஓடணும்.”

“அவரை வெட்டினா ஆட்டம் முடிஞ்சுதா?”

அவள் ராஜாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்டைக் கூப்பிடாமலே சொன்னாள். “ராஜாவை வெட்டுறது கிடையாது. போக இடம் இல்லாம ஆக்குறதுதான். அதோட நிறுத்திருவாங்க. வெட்டுறதைப் பார்க்க வேண்டாம்.”

ராஜாவைத் திரும்பப் பலகையில் வைத்தாள். கொழும்பைப் பற்றி அதுவரை நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

சவேரி கொண்டுவந்த சேதி

அப்படிச் சில வாரம் போயிற்று. நான் எல்லா ஆட்டமும் தோற்றேன். தோற்பதற்கு ஆகிற நேரம் மட்டும் நீண்டுகொண்டு வந்தது.

எங்கள் சரக்கை வழக்கமாக ஏற்றிப்போகிற தோணிக்குச் சவேரி என்பவர் தண்டல். தோணியை நடத்துகிற தலைவனைத் தண்டல் என்போம். ஐம்பது வயசு இருக்கும். உப்புக் காற்றில் தோல் வெந்து கறுத்த மனுஷன். ஒரு நாள் காலையில் அவர் எங்கள் தெரு முனையில் வந்து நின்று, எந்த வாசலுக்குப் போவது என்று தெரியாமல் தயங்கிக்கொண்டிருந்தார். ரெண்டு வாசலுக்கும் பொதுவாக இருந்த சந்தில் நின்று கூப்பிட்டார்.

“தங்கச்சிமாரே, ரெண்டு பேரும் வாங்க. ஒருமிக்க வாங்க.”

நான் பின்கட்டு வழியாக வந்தேன். அவள் தெரு வாசல் வழியாக வந்தாள். அவர் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“தலைமன்னார்ல இருந்து வந்த ஆளுங்க சொன்னாங்க. நான் நேர்ல பார்க்கல, சேசுவே சத்தியமா நேர்ல பார்க்கல. குண்டு போட்ட அன்னைக்கு, புறக்கோட்டையில தூத்துக்குடி அண்ணன் தம்பி கடை, அதுல ஒருத்தர் போயிட்டாராம்.”

“யாரு?” என்று கேட்டது நானா அவளா என்று இப்போது நினைவில்லை.

“அதுதான் தெரியல தாயி. அண்ணனா தம்பியா, சொன்னவனுக்கும் தெரியல. ஒருத்தர்னுதான் சொன்னான். மத்தவரு நல்லா இருக்காராம். தோணி விட்டதும் வந்துருவாராம்.”

சொல்லிவிட்டு அவர் போகாமல் நின்றார். ஏதாவது செய்யச் சொல்வோம் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நடந்தார்.

நான் என் பக்கம் போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். சோறு பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் முற்றத்தில் பாதி தாண்டியபோது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“ஏளா கனி. சாப்பிட்டியா?”

தட்டி வந்த பிறகு என் பேரைச் சொல்லி அவள் பேசிய முதல் பேச்சு அது. என் முழுப்பேர் முத்துக்கனி.

“இல்லக்கா.”

“நானும் சாப்பிடல. இங்கன வா.”

போனேன். அந்தப் பக்கத்து அடுப்படியை அத்தனை மாசத்துக்குப் பிறகு பார்த்தேன். மாமியாரின் உப்புச் சட்டி அதே இடத்தில் இருந்தது. ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, வெங்காயம் நறுக்கிவைத்து ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.

சொல்லி வைத்துக்கொண்டது

அதற்குப் பிறகு பலகையைத் தட்டிக்கு அடியில் வைப்பதில்லை. ஆனால் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. காய்களைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். காய் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்த நாட்களில் நான் கும்பிட்டது என்ன என்று சொல்லத் தேவையில்லை. அவளும் அதையேதான் கும்பிட்டிருப்பாள். ரெண்டு பேர் வேண்டுதலும் ஒரே சாமிக்கு, திருச்செந்தூர் முருகனுக்கு. ஒரு வேண்டுதல் பலித்தால் இன்னொன்று பலிக்காது. இது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அப்படி இருந்தும் மத்தியானமானால் வந்து உட்கார்ந்தோம். வேறு யாரிடம் போய் உட்கார முடியும்?

ஒரு தடவை என் யானையை அவள் வெட்டவேண்டிய இடம். கையை நீட்டியவள் அப்படியே நிறுத்தினாள்.

“கனி, ஒண்ணு சொல்லுதேன் கேளு. யாரு வந்தாலும் சரி. வராதவரு பொண்டாட்டிய இந்த வீட்டை விட்டு அனுப்பக்கூடாது. நானா இருந்தாலும், நீயா இருந்தாலும்.”

எங்கள் ரெண்டு பேருக்கும் அப்போது பிள்ளை கிடையாது. பிள்ளை இல்லாமல் தாலி அறுத்தவளைப் பிறந்த வீட்டுக்கு வண்டியேற்றுவது வழக்கம். அவளுக்கு அந்த வண்டி போகவும் இடமில்லை. அவள் தாய் அதற்கு முந்தின வருஷம் போய்விட்டாள்.

“அது நம்ம கையிலயா இருக்கு?” என்றேன்.

“இல்ல. இருந்தாலும் சொல்லி வச்சுக்கிடுவோம்.”

“சரி” என்றேன். அவள் யானையை வெட்டினாள்.

பாலத்தில்

வைகாசியில் தோணி விட்டார்கள். சவேரிதான் ஆள் அனுப்பிச் சொன்னார். கொழும்பிலிருந்து வருகிற தோணி மத்தியானம் கரை சேரும், அதில் நம் கடை ஆள் இருக்கிறார்.

நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்தது அன்றைக்குத்தான். தோணிகள் வந்து அணைகிற கப்பலடிப் பாலத்தில் வெயில் பொரிந்தது. பலகைக்கு அடியில் தண்ணீர் மொத்துகிற சத்தம். தோணியிலிருந்து ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். நடுவில் ஒரு ஆள், தலையில் துண்டைப் போட்டு முகம் மறைய இழுத்துவிட்டிருந்தார். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே நடை. தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நடப்பார்கள்.

புஷ்பம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தது அவள்தான், நான் இல்லை. வளையல் சதையில் அழுந்தியது.

எங்களைப் பார்த்ததும் அந்த ஆள் நின்றார். துண்டை எடுத்தார். வழுக்கைத் தலை.

பெரியத்தான்.

என் வீட்டுக்காரருக்குச் சுருட்டை முடி.

புஷ்பம் அவரிடம் ஓடவில்லை. என் கையை விடவும் இல்லை. அவர் கிட்டே வந்தார். தம்பி மனைவியிடம் அண்ணன் நேரே பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. நான் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் தன் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

“தம்பி போயிட்டான்னு அவகிட்ட சொல்லு.”

அவள் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்டுவிட்டதே.

நடந்தது என்ன என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் புஷ்பத்திடம் சொன்னார், அவள் என்னிடம் சொன்னாள். சரக்கு பார்ப்பதற்காக அன்று காலையில் என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். விமானங்கள் வந்துவிட்டுப் போன பிறகு, பேசாத அண்ணன் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுத் தேடப் போயிருக்கிறார். தேடித் தேடி ஒரு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது உயிர் இருந்ததாம். “அண்ணாச்சி” என்று கூப்பிட்டாராம். வேறு எதுவும் சொல்லவில்லையாம்.

என் குரல்

காரியமெல்லாம் முடிந்தது. பெரியத்தான் அரிவாளை எடுத்துவந்து தட்டிக் கயிறுகளை அறுத்து ஓலையைக் கொல்லையில் எறிந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

என் அண்ணன் பொன்னையா வண்டியோடு வந்தான். முன்கட்டில் பாய் போட்டு ரெண்டு ஆண்களும் உட்கார்ந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால். புஷ்பம் தூணோரம் நின்றாள்.

பெரியத்தான் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த நல்லதைத்தான் சொன்னார். “சின்ன வயசு. பிள்ளை குட்டி இல்ல. இங்கன இருந்து என்ன செய்யப்போறா? அங்க அம்மை அப்பன் இருக்காவ. கூட்டிட்டுப் போங்க மாப்ளே. எப்ப வேணும்னாலும் வந்துட்டுப் போகட்டும்.”

“அதுக்குத்தான் வந்திருக்கேன்” என்றான் என் அண்ணன்.

“அவ இங்கனதான் இருப்பா,” என்றாள் புஷ்பம்.

“நீ சும்மா இருளா.”

“நாங்க பேசி முடிச்சாச்சு.”

பெரியத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தார். “யாரு யாருகூட பேசினது? நீங்க ரெண்டு பேரும்தான் பேசுறதே கிடையாதே!”

“பேசினோம்.”

“எப்பயிலிருந்து?”

அதற்குள் என் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்டுகள் பேச்சைக் கேட்டுக்கொண்டு தான் வண்டி கட்டவில்லை என்றான். அம்மை அழுதுகொண்டு இருக்கிறாள் என்றான். பெரியத்தான் தன் மனைவியைப் பார்த்து, “அவளுக்கு அங்க போகத்தான் மனசு இருக்கும். நீ குறுக்க நிக்காத” என்றார்.

என் மனசில் என்ன இருக்கிறது என்று மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் புஷ்பம் ஒருத்திக்குத்தான் அது தெரியும். அவளாலும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பெரியத்தானிடம் நான் அதுவரை பேசியதே இல்லை.

“நான் போகல, பெரியத்தான். இங்கனதான் இருப்பேன்.”

சொல்லி முடித்த பிறகு என் குரல் எனக்கே புதுசாகக் கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அண்ணன் வாயைத் திறந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். வெளியே மாடு கழுத்தை ஆட்டுகிற சலங்கைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சரி மாப்ளே. சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க.”

என் அண்ணன் சாப்பிட்டான். போக வேண்டிய தூரம் அதிகம். ரசம் ஊற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பும்போது மட்டும், “அம்மைகிட்ட என்ன சொல்ல?” என்று கேட்டான். “நல்லா இருக்கேன்னு சொல்லு” என்றேன். அது அன்றைக்கு உண்மை இல்லை. பின்னால் உண்மையாயிற்று.

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு புஷ்பம் பலகையைக் கொண்டுவந்து முற்றத்தின் நடுவில் வைத்தாள். பெரியத்தான் முன்கட்டில் படுத்திருந்தார். காய்களை அடுக்குகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

அன்றைக்காவது எனக்கு இரக்கம் காட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு சிப்பாயைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நகர்விலேயே மந்திரியை வெட்டினாள். யானைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் என் ராஜாவுக்குப் போக இடமில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு முகத்துக்கு நேராக.

“இன்னொண்ணு வைப்போமா?” என்றாள்.

“வைங்கக்கா” என்றேன்.